முதலில் உள்ளே போனவள்

புதுவீடு, கடைத் திறப்பு, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் வாசலில் யாராவது என் முழங்கையைப் பிடித்துவிடுவார்கள். "நீங்க மொதல்ல போங்க. நீங்க காலெடுத்து வச்சா நல்லது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போவேன். ஆனால் நிலைப்படியில் கொஞ்சம் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கந்தக வாடை அடிக்கிறதா என்று பார்க்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்லலாம். நீங்களும் என் வயதுக்காரர்கள். விடியுமுன்னே தூக்கக் கலக்கத்தோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் முகமெல்லாம் வெள்ளிப்பொடி மினுங்க வீடு திரும்பியவர்கள். வெடிக் கம்பெனியோ தீப்பெட்டிக் கம்பெனியோ, சீசன் வந்துவிட்டால் வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்றுதான் நம் ஊரில் பார்த்தார்கள். எந்த வயதுக் கை என்று பார்க்கவில்லை. இப்போது பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்கிறார்கள். நல்லது. அந்தக் காலமே திரும்பி வராதா என்று ஏங்கிப் பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரவே வேண்டாம்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். தாயில்பட்டியைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். பஸ்ஸில் எனக்கும் அத்தை மகளுக்கும் ஒரே சீட். அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. அவள் மகளுக்கும் எனக்கும் வயதில் சில மாதம்தான் வித்தியாசம். நான் ஓட்டவாய், அவள் ஊமைக்குசும்பு. அத்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் தலையையும் ஆளுக்கொரு தோளில் சாய்த்துத் தூங்க வைப்பாள். அத்தையின் சேலையில் மருந்து வாடையும் சீயக்காய் வாடையும் கலந்து வரும். மருந்து என்றால் நம் ஊரில் வெடிக்குள் அடைக்கிற மருந்துதான், உங்களுக்குத் தெரியாததா.

கம்பெனியில் மூன்று பேருக்கும் ஒரே ரூம், கூட இன்னும் சில பெண்கள். அத்தை காகிதக் குழலில் மருந்து அடைப்பாள். நாங்கள் இரண்டு பேரும் திரி நுழைப்போம். எதிரும் புதிருமாகக் கதவுகள் வைத்த சின்ன ரூம். ஏன் இத்தனை கதவு என்று நான் கேட்டதற்கு, "காத்து வரத்தான்" என்றாள் அத்தை. அவளுக்கு உண்மை தெரியும். எங்களுக்குச் சொல்ல மனசில்லை.

அத்தையிடம் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. பித்தளை. மூடியில் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் அது மட்டும் கீழே இறங்கியிருக்கும். எங்கள் மூன்று பேர் சோறும் அதில்தான். சாப்பாட்டுச் சாமான் எதையும் ரூமுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்துக் கிளையில் அதைத் தொங்கவிடுவாள். எறும்பு ஏறாமலிருக்கக் கயிற்றில் மண்ணெண்ணெய் தடவியிருப்பாள்.

அந்த வைகாசியில் வெயில் தாங்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அத்தை மகள், "அம்மா, தாகமா இருக்கு" என்றாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகத்தான் வெளியே விட வேண்டும் என்பது போர்மேன் போட்ட சட்டம். சேர்த்து விட்டால் விளையாடப் போய்விடுவோமாம். அன்றைக்கு அத்தை எதையோ யோசித்தவள்போல் என்னையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருமே போயிட்டு வாங்க. அப்படியே மூஞ்சியக் கழுவிட்டு, தூக்குச்சட்டிய எறக்கி வைங்க. இதை முடிச்சிட்டு வாரேன்."

நான் முன்னால் ஓடினேன். அவள் பின்னால் வந்தாள். நான் தொட்டியை எட்டிவிட்டேன், அவள் பாதி வழியில் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கக் குனிந்தாள். அதற்குள் வெடித்துவிட்டது. சத்தம் எனக்கு நினைவில்லை. தொட்டித் தண்ணீர் தானாக எழும்பி என் முகத்தில் அடித்தது நினைவிருக்கிறது. திரும்பினால் எங்கள் ரூம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

உள்ளே இருந்தவர்கள் யாரும் வரவில்லை. அத்தையும் வரவில்லை.

போர்மேன் ஓடி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் கைகோத்து நின்றோம். அத்தை மகளுக்கு ஒரு பக்கத்து முடி பொசுங்கி, காதோரம் ரத்தம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. போர்மேன் என்னை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ ஆத்தா, ஒரு கீத்துகூட இல்லையே! இருக்கன்குடி அம்மனே கைபிடிச்சுக் கூட்டியாந்து நிறுத்தியிருக்கா" என்று சொல்லி என் காலில் விழப்போனார். பிறகு அவளைப் பார்த்தார். அவளுக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "ஆத்தாளக் குடுத்துட்டு வந்து நிக்கியே பாவி" என்றார்.

ஊருக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் நான் ராசிக்காரி ஆகிவிட்டேன். அவள் ராசி கெட்டவள் ஆகிவிட்டாள். நாங்கள் எதற்காக வெளியே போனோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்குத் தாகம் எடுத்துச்சும்மா. அதான் நானும் போனேன். அத்தைதான் ரெண்டு பேரையும் அனுப்புச்சா."

"பெரியவுக அம்புட்டுப் பேரும் ஒண்ணு சொல்றாக. நீ என்ன புதுசா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் அம்மா. அவள் கெட்டவள் இல்லை. மகள் பிழைத்து வந்த சந்தோஷத்தில் இருந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஊர் ஒரு பெயர் வைத்துக் கொடுத்திருந்தது, அதில் பங்கு கேட்க இன்னொரு பிள்ளை வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்படித்தான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது.

தூக்குச்சட்டி என்ன ஆனது என்று தெரியவில்லை. மரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மறுநாள் இல்லை. இன்றும் பழைய பாத்திரக் கடையைக் கண்டால் என் கால் நின்றுவிடும். மூடிகளைத் திருப்பிப் பார்த்துக் கீழே இறங்கிய ஒரு புள்ளி எழுத்தைத் தேடுவேன். கடைக்காரர்கள் என்ன வேணும் என்று கேட்டால் மூடியை வைத்துவிட்டு நடந்துவிடுவேன்.

ஆனியில் ரூமைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். புதுச் சுண்ணாம்பு, புதுக் கதவு. ஆர்டர் குவிந்து கிடந்தது. ஆனால் பெண்கள் அதற்குள் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள், ஆடு வெட்டினார்கள், போர்மேன் கெஞ்சினார், அதட்டினார். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் அவர் என் முன்னால் வந்து குனிந்தார்.

"ஏ தாயி, நீ மொதல்ல போ. நீ போனா அம்புட்டுப் பேரும் வந்துருவாக."

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த விபத்துக்குப் பிறகு அம்மாவும் அங்கேயே வேலைக்கு வந்திருந்தாள். அவள் தலையாட்டினாள். எனக்குத் தொடை நடுங்கியது. பாவாடைக்குள் நடுங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போனேன். சுண்ணாம்பு வாடை. ஒன்றும் ஆகவில்லை. என் பின்னால் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்கள். அத்தை உட்கார்ந்திருந்த மூலையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. "அதுலயும் நீயே உக்காரு தாயி" என்றார் போர்மேன்.

அந்த சீசன் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தேன். தினமும் காலையில் எல்லா ரூமுக்குள்ளும் என்னை முதலில் அனுப்பி வெளியே அழைத்த பிறகுதான் ஆட்கள் நுழைவார்கள். போய்ப் போய் எனக்கே பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் என் தொடை அதே மாதிரி நடுங்கியது. பெரியவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். கும்பிட்டபடியே ஒரு பிள்ளையை நெருப்புக்குள் விட்டு ஆழம் பார்த்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தை மகள் கம்பெனிக்கு வரவில்லை. வர விடவில்லை. "அவ வந்தா நாங்க வர மாட்டோம்" என்று பஸ்ஸை மறித்துச் சொல்லிவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸிலும் அதே கதை. பொம்பளைப் பிள்ளையை வெறும் வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாமல், வேறு வழி தெரியாமல், அவள் அப்பா, என் மாமா, அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். ஊரே அவளுக்காக உச்சுக்கொட்டியது.

சாயங்காலம் பஸ் வந்து நிற்கிற இடத்தில் அவள் எனக்காக நிற்பாள். பொசுங்கிய முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் அவள் நிழல் படாமல் ஒதுங்கிப் போவார்கள். நான் இறங்கியதும் கேட்பாள்.

"ஏ புள்ள, எங்கம்மா இருந்த எடத்துல இன்னைக்கு யாரு உக்காந்தா?"

"நான்தான்."

"தரை சுடுதா?"

"இல்ல. குளுந்துதான் கெடக்கு."

அதைக் கேட்டு ஒரு நிம்மதியோடு தலையாட்டுவாள். மறுநாளும் அதையேதான் கேட்பாள். சுடவில்லை என்று தினமும் நான் சொல்ல வேண்டும்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊரே இருக்கன்குடிக்குக் கிளம்பியது. வண்டியில் எனக்கு முன்வரிசை. மாமா தன் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தார். கோவிலில் அக்கினிச்சட்டி எடுக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியும் சட்டியை என்னிடம் நீட்டி, என் கை பட்ட பிறகுதான் தூக்கினார்கள். வேப்பிலைப் புகையிலும் வெக்கையிலும் எனக்குத் தலை சுற்றியது. கூட்டத்தில் நழுவி ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டேன்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அத்தை மகள் தனியாக உட்கார்ந்து இரண்டு கையாலும் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஊறித் தெளிந்தது. பிறகு அவள் கையில் அள்ளி முதலில் எனக்குக் கொடுத்தாள்.

"நீ கோயிலுக்குள்ள வரலையா?" என்றேன்.

"சட்டிப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாக." அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இன்னொரு கை அள்ளித் தானும் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஏ புள்ள, எனக்கு அன்னைக்குத் தாகம் எடுக்கலேன்னா நாம ரெண்டு பேரும் எங்கம்மாகூடப் போயிருப்போம்ல?"

"ஆமா."

"அப்ப அது நல்ல தாகந்தான. ஊரு என்னத்தையும் சொல்லிட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு அப்போது பத்து வயதுகூட இருந்திருக்காது. ஊர் ஒட்டிய சீட்டை முதுகில் சுமந்துகொண்டே, தன்னைப் பற்றித் தனக்கென்று ஒரு நினைப்பை உள்ளே வைத்துக்கொண்டாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஊர் என்னைப் பற்றி என்ன நினைத்ததோ அதுதான் எனக்கு நான்.

புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ராசிக்காரிக்குக் காய்ச்சல் வரலாமா? அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "யார்ட்டயும் மூச்சு விடாத, எல்லாரும் பயந்துருவாக" என்று திருநீறு பூசி பஸ்ஸில் ஏற்றினாள். மூலையில் உட்கார்ந்து திரி நுழைத்தேன். கண் எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது காதுக்குள் அத்தையின் குரல் கேட்டது. "ரெண்டு பேருமே போயிட்டு வாங்க." காய்ச்சல் வேகம்தான். இருந்தாலும் கேட்டது. நான் திரியைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே நடந்தேன்.

பின்னால் ஒருத்தி "ஐயோ!" என்று கத்தினாள். அவ்வளவுதான். ரூமிலிருந்த எல்லாரும் எழுந்து ஓடி வந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து ரூம், அதைப் பார்த்து அடுத்த ரூம். நான்கு பக்கக் கதவும் திறந்து, குழலும் திரியும் காலில் மிதிபட, கிழவிகளும் பிள்ளைகளும் விழுந்து எழுந்து முள்வேலியைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்திக்குக் கை ஒடிந்தது. ராசிக்காரி எழுந்து வெளியே போகிறாள், வெடிக்கப் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். நான் தொட்டியடியில் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் தூரத்தில் நின்று என்னையே பார்த்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. என்னால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் முடியவில்லை.

போர்மேன் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "தாயி, இனிமே வேலை நேரத்துல நீ எந்திரிக்கக் கூடாது. நீ எந்திரிச்சா இவுக ஓடிருவாக. என்ன, சரியா?"

சரி என்றேன். அன்றையிலிருந்து தீபாவளி வரைக்கும், காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் எழவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பஸ் வருகிற வரைக்கும் எழவில்லை. தாகம் எடுக்கக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். பிறகு தாகமே எடுக்காமல் போய்விட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள், இன்றைக்கும் நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் தண்ணீர் கேட்டதில்லை. டாக்டர் திட்டுகிறார், சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும் என்று.

அந்த தீபாவளியோடு சீசன் முடிந்தது. ஆனால் அந்தப் பெயர் முடியவில்லை. சாத்தூரில் ஒரு பலசரக்குக் கடைக் குடும்பம் ராசிக்காரி மருமகள் வேண்டும் என்று தேடி வந்து கட்டிக்கொண்டு போனது. தினமும் கடையை என் கையால் திறப்பார்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். தையல் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்றதும் மெஷின் வாங்கித் தந்தார்கள். ஆனால் புதுத்துணியில் கத்திரி வைக்க எனக்குக் கை வரவில்லை. கோணிவிட்டால்? ராசிக்காரி வெட்டிய துணி கோணலாமா? இத்தனை வருஷமும் கிழிந்ததற்கு ஓரம் அடித்ததோடு சரி. சைக்கிள் ஓட்டவில்லை, விழுந்துவிடுவேனே. மாதர் சங்கத்தில் தலைவியாக நிற்கச் சொன்னார்கள், தோற்றுவிடுவேனே. தோற்கக்கூடிய எதையும் நான் தொட்டதே இல்லை. தொட்டதெல்லாம் துலங்கியது என்று ஊரில் சொல்வார்கள். துலங்குவதை மட்டும்தான் தொட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். என் ராசி அப்படியே இருந்தது. நான்தான் வளரவில்லை. அந்த மூலையில் எழும்பாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை உட்கார்ந்தபடியே நரைத்துவிட்டது.

அத்தை மகள் பத்தாம் வகுப்பில் தோற்றாள். திரும்ப எழுதினாள், திரும்பத் தோற்றாள். ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடியும் எழுதித் தேறினாள். சிவகாசியில் அச்சாபீஸில் தாள் அடுக்கப் போனாள். கொஞ்சகாலம் கழித்துச் சொந்தமாக பைண்டிங் கடை போட்டாள், மழையில் நனைந்து தாளெல்லாம் கூழாகிப் போனது. கூட்டுக்கு ஆள் சேர்த்து இன்னொன்று போட்டாள், கூட்டாளி கம்பி நீட்டிவிட்டான். மூன்றாவதாக ஒன்று போட்டாள். எப்படி உனக்குத் துணிச்சல் வருகிறது என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டேன். வளர்ந்த பிறகு 'ஏ புள்ள' போய், முறை சொல்லி என்னை 'மைனி' என்றுதான் கூப்பிடுவாள்.

"முழுக்க நனைஞ்ச பெறகு முக்காடு எதுக்கு மைனி?" என்று சிரித்தாள். "நான் போடுற கடையில மழை ஒழுகத்தான் செய்யும்னு எனக்குத் தெரியும்ல. அதான் இந்தத் தடவை மொதல்ல தார்ப்பாய வாங்கிட்டு அப்புறமாத் தாள வாங்குனேன்." அன்றைக்கும் அந்த மண்டபத்து வாசலில் என்னை முதலில் உள்ளே அனுப்பினார்கள். அவள் பந்தி முடிகிற நேரத்துக்குப் பின்வாசல் வழியாக வந்திருந்தாள்.

அந்த மூன்றாவது கடை நிலைத்துவிட்டது. நாட்காட்டி, நோட்டு, பள்ளிக்கூடப் புத்தகம் என்று வேலை ஓடுகிறது. போன மாதம் போன் செய்தாள். பெரிய கட்டிங் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறாளாம், வரச் சொன்னாள். இத்தனை பாடுபட்டு ஏறி வந்தவள். நான் கை வைத்து அந்த மெஷின் கோளாறு பண்ணிவிட்டால்? என் ராசி தீர்ந்துபோகிற நாள் ஒன்று வரும் என்று எனக்கு எப்போதும் பயம். அது அவள் வாசலில் வைத்துத்தான் தீரும் என்று தோன்றியது. போகாமலிருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கடை வாசலில் பத்துப்பதினைந்து பேர் நின்றார்கள், பெரும்பாலும் அங்கே வேலை பார்க்கிற பெண்கள். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஒருத்தி என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, நீங்கதான் மொதல்ல..."

"ஏளா, அவள விடு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அத்தை மகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். காதோரத் தழும்பு நரைமுடிக்குள் கொஞ்சம் தெரிந்தது. "மைனி, ஒன்னையக் கை வைக்கக் கூப்பிடலை. சாப்பிடக் கூப்பிட்டேன். நீ பாட்டுக்கு மெதுவா வா."

"அப்ப மெஷின யாரு..."

"நான்தான். நல்ல நேரம் முடியட்டும்னு இருக்கேன். நல்ல நேரத்துல ஊர்ல அம்புட்டுப் பேரும் சுச்சு போடுறான், கரண்டு இழுக்க மாட்டேங்குது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் உள்ளே போனாள். அவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாசலில் நான் மட்டும் நின்றேன். பிறகு கடைசி ஆளாகப் போனேன். என் வாழ்க்கையில் ஒரு வாசலைக் கடைசியாகத் தாண்டியது அதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சிப் பார்க்க மறந்துவிட்டேன் என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்கு அவசியமும் இல்லை. எனக்கு முன்னால் அத்தனை பேர் போயிருக்கிறார்களே.

அவள் சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமி, கத்தி இறங்கி, ஒரு கட்டுத் தாளை ஒரே வீச்சில் நறுக்கியது. இரண்டாவது கட்டில் தாள் கோணிவிட்டது. "பாத்தியா, நம்ம கை!" என்று அவள் எல்லாருக்கும் காட்டிச் சிரித்துவிட்டு, தாளைத் தட்டி நேராக்கி மறுபடியும் வைத்தாள். கோணல் தாள் ஒன்று என் மடியில் வந்து விழுந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, தொண்டை வறண்டது.

"தாகமா இருக்கு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அத்தை மகள் கையை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை எந்த வாயிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த இடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"வெளிய கொழா இருக்கு. போயிட்டு வா" என்றாள்.

நான் எழுந்தேன். எழும்போது பழைய நடுக்கம் தொடையில் ஓடியது. காதுகளைத் தீட்டிக்கொண்டே வாசலைத் தாண்டினேன். குழாயடியில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தது. நிரப்பிக்கொண்டு, குடிக்காமல், திரும்பிப் பார்த்தேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தாள் கேட்டார்கள், யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். என் பின்னால் ஒருவரும் ஓடி வரவில்லை.

சொம்புத் தண்ணீரையும் குடித்தேன். பிறகு இன்னொரு சொம்பு பிடித்துக் குடித்தேன்.